இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: சட்டக் கல்லூரி உதவித்தொகையை ஏற்பதா, ஓராண்டு பொறுத்து மீண்டும் விண்ணப்பிப்பதா?

2025 ஏப்ரலில் என் அக்கா மகளுக்கு ஒரு சட்டக் கல்லூரியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஷ்ரூஸ்பரியில் இருக்கும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தின் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு தொகை இருந்தது: ஆண்டுக்கு 36,000 டாலர், மூன்று ஆண்டுகளுக்கு 1,08,000 டாலர். அத்தான் அதைப் படமெடுத்து மதுரையில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பியிருந்தார். அக்கா கேசரி கிளறியிருந்தாள். நான் உட்கார்ந்ததும் கடிதத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். தேடிய வரி கடைசிக்கு முந்தைய பத்தியில் இருந்தது. முதலாண்டு முடிவில் மாணவரின் ஜிபிஏ, அதாவது நான்கு என்ற அளவில் போடும் மதிப்பெண் சராசரி, 3.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே உதவித்தொகை தொடரும்.

"3.2 தானே மாமா? பட்டப்படிப்பில் நான் 3.81 வாங்கியிருக்கிறேன்" என்றாள் அவள்.

2009இல் சட்டக் கல்லூரியில் சேரும்போது இதே சொற்களை என் அப்பாவிடம் நானும் சொன்னேன். அன்று எனக்கு வைத்த நிபந்தனை 3.0. முதலாண்டு முடிவில் நான் எடுத்தது 2.94. அந்த 0.06 எனக்கு எத்தனை ஆண்டுக் கடனானது என்பது அக்காவுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் அதைப் பற்றி நான் பேசியதில்லை. அன்று மாலை பேசினேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு மூன்று குடும்பங்கள் இதே கேள்வியோடு என்னை அழைக்கின்றன. அதனால் இந்த ஒரு நிகழ்வை முழுமையாக எழுதி வைக்கிறேன். அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவள் பெயரும் கல்லூரிகளின் பெயர்களும் இதில் இல்லை. தொகைகளை ஆயிரத்துக்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

அவள் நிலை

வயது 24. 2024 மே மாதம் பட்டம் பெற்றாள். பாஸ்டனில் குடியேற்ற வழக்குகளை நடத்தும் ஒரு சிறு அலுவலகத்தில் பாராலீகல், அதாவது வழக்கறிஞருக்கு உதவியாளர், வேலை. காலையில் வூஸ்டர் ரயிலில் ஏறி சவுத் ஸ்டேஷனில் இறங்கி, புகலிடம் கேட்டு வந்தவர்களின் ஆவணங்களை அடுக்கி, வாரம் இரண்டு முறையாவது வழக்கறிஞரோடு கென்னடி கூட்டாட்சிக் கட்டடத்தில் இருக்கும் குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போவாள். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அங்கே வேரூன்றியது. பெரிய நிறுவனத்தில் சேரும் ஆசை அவளுக்குக் கிடையாது. இந்த நிகழ்வில் இது முக்கியமான செய்தி, ஏனென்றால் அமெரிக்காவில் புதிய வழக்கறிஞர்களின் சம்பளத்தை வரைபடமாகப் போட்டால் இரண்டு முகடுகள் தெரியும். 2025இல் பெருநிறுவனங்கள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் டாலர். சிறு அலுவலகங்கள், அரசு வேலை, சட்ட உதவி மையங்கள் எல்லாம் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித் திரளும். நடுவில் ஆட்கள் குறைவு. அவள் போக விரும்பியது தாழ்ந்த முகடு இருக்கும் பக்கம்.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டை அவள் இரண்டு முறை எழுதியிருந்தாள். மதிப்பெண் 120இல் தொடங்கி 180இல் முடியும் தேர்வு அது. 2024 ஜூனில் 158. தர்க்கப் புதிர்கள் இருந்த கடைசித் தேர்வு அது. அவளுக்குப் பிடிபடாமல் இருந்ததும் அந்தப் பகுதிதான். ஆகஸ்ட் 2024 முதல் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் எழுதியபோது 161. விண்ணப்பங்களைப் பிப்ரவரி கடைசி வாரத்தில் அனுப்பினாள்.

அந்த இரண்டு செய்திகளும், ஜனவரித் தேர்வும் பிப்ரவரி விண்ணப்பமும், அவளுக்குக் கிடைத்த முடிவுகளில் பாதியை விளக்கிவிடும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் செப்டம்பரில் விண்ணப்பங்களைத் திறந்து, வர வர இடங்களையும் பணத்தையும் கொடுத்துக்கொண்டே போகின்றன. கடைசித் தேதிக்குள் அனுப்பினால் போதும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிப்ரவரி கடைசியில் போகிறவருக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியல். போதாததற்கு, 2024-25 சுழற்சியில் விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஆறில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. ஒன்பது கல்லூரிகளுக்கு அனுப்பினாள். நான்கு மறுத்தன, மூன்று காத்திருக்கச் சொன்னன, ஒன்று உதவித்தொகை இல்லாமல் இடம் கொடுத்தது. ஒன்பதாவதுதான் மேசையில் கிடந்த அந்தக் கடிதம்.

அந்த வரியின் பொருள்

உதவித்தொகை என்ற சொல்லே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. நம் மனத்தில் அது ஒரு பரிசு, திறமைக்குச் செய்யும் மரியாதை. இங்குள்ள சட்டக் கல்லூரிகளில் அதில் பெரும்பகுதி விலைத் தள்ளுபடிதான். சேரும் வகுப்பின் நடு மதிப்பெண் உயர்ந்தால் கல்லூரியின் தரவரிசை உயரும். அதற்காக நல்ல ஜிபிஏ உள்ளவர்களையும் நல்ல எல்சாட் உள்ளவர்களையும் தள்ளுபடி கொடுத்து இழுக்கிறார்கள். மற்ற மாணவர்கள் கட்டும் முழுக் கட்டணம் அந்தத் தள்ளுபடியைத் தாங்குகிறது. அவளுடைய 3.81 அந்தக் கல்லூரிக்குத் தேவைப்பட்டது. அதில் தவறொன்றும் இல்லை. நிபந்தனை வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

முதலாண்டுச் சட்டப் படிப்பில் மதிப்பெண்ணை ஆசிரியர் விருப்பம்போல் போட முடியாது. வகுப்புக்கு ஒரு சராசரியை முன்கூட்டியே நிர்ணயித்திருப்பார்கள். கர்வ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அந்தக் கல்லூரியின் மாணவர் கையேட்டைப் பதிவிறக்கிப் பார்த்தோம். முதலாண்டுப் பாடங்களின் சராசரி 3.0ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படியானால் 3.2 என்பது சராசரிக்கு மேலே, வகுப்பின் மேல் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் இடம். பட்டப்படிப்பில் அவள் எடுத்த 3.81 எல்லோரும் ஏறக்கூடிய ஏணி. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டியதில்லை. இங்கே ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்கியே தீர வேண்டும்.

ஒரு காகிதத்தில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். 200 பேர் வகுப்பில் 140 பேருக்கு நிபந்தனை உதவித்தொகை கொடுத்திருக்கிறார்கள், நிபந்தனை மேல் பாதியில் இருக்க வேண்டும் என்பது என்று வைத்துக்கொள். மேல் பாதியில் இடம் 100. அந்த நூறு பேருமே உதவித்தொகைக்காரர்களாக இருந்தாலும் 40 பேர் இழக்க வேண்டும். அத்தனை பேரும் இரவு பகலாகப் படித்தாலும் அந்த நாற்பது நாற்பதுதான். பேனாவை அவள் கையில் கொடுத்தேன். எண்களை மாற்றி அவளே மூன்று முறை போட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு 3.2 தானே என்று அவள் சொல்லவில்லை.

நான் சேர்ந்த காலத்தில் இல்லாத ஒரு பாதுகாப்பு இப்போது இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 509ஆம் விதிப்படி, நிபந்தனை உதவித்தொகையோடு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது குறைக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும். நல்ல நிலையில், அதாவது நீக்கப்படாமல், படிப்பைத் தொடர்வதற்கு வேண்டியதைவிடக் கூடுதலாக மதிப்பெண்ணோ தரவரிசையோ கேட்டால் அது நிபந்தனை உதவித்தொகை. அந்த அட்டவணையைத் திறந்தோம். அந்தக் கல்லூரியில் பார்த்த எந்த ஆண்டிலும் இழந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையவில்லை.

பணக் கணக்கு

கட்டணம் 56,000. உதவித்தொகை 36,000. மீதி 20,000. தங்கவும் சாப்பிடவும் 24,000. ஆண்டுக்கு 44,000, மூன்று ஆண்டுக்கு 1,32,000 டாலர். இதுதான் அத்தான் மனத்தில் இருந்த கணக்கு. முதலாண்டு முடிவில் உதவித்தொகை போனால்: முதலாண்டு 44,000, அடுத்த இரண்டு ஆண்டுகள் தலா 80,000. மொத்தம் 2,04,000. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், உதவித்தொகை ஏறாது என்பதை இதில் சேர்க்கவில்லை. இரண்டு லட்சம் டாலர் கடனை எட்டு சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் 2,400 டாலருக்கு மேல் வேண்டும். குடியேற்ற வழக்கு நடத்தும் சிறு அலுவலகத்தில் அந்தச் சம்பளத்தைக் கொண்டு இதைக் கட்டுவது எப்படி என்று அக்கா கேட்டாள். கட்ட முடியாது, அந்த வேலையை விட்டுவிட்டுப் பணம் வரும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். நான் அப்படித்தான் போனேன்.

அத்தான் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "மாப்பிள்ளை, கிடைக்கப்போகிற பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல் என்று எங்கள் அம்மா சொல்வார். அடுத்த ஆண்டு இதுவும் கிடைக்காமல் போனால்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. காத்திருக்கச் சொல்கிற எவரும் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் அன்று பதில் இல்லை.

ஆறு வாரம்

முடிவைத் தள்ளிப்போட அவளுக்கு ஒரு வழி இருந்தது. மே 1க்குள் 500 டாலர் முன்பணம் கட்டினால் இடம் ஜூன் 15 வரை நிற்கும். பணம் திரும்பி வராது. கட்டினோம். அந்த ஆறு வாரத்தில் மூன்று வேலைகள் செய்தாள்.

முதலில் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல். பணம் கூட்டிக் கேட்பதைவிட நிபந்தனையை நீக்கிக் கேள், நல்ல நிலையில் படிப்பைத் தொடர்ந்தால் போதும் என்று மாற்றித் தருவார்களா என்று கேள் என்றேன். இரண்டு பத்தி, பணிவாக, கெஞ்சாமல் எழுதினாள். ஒன்பது நாளில் பதில் வந்தது. ஆண்டுக்கு 4,000 டாலர் கூட்டித் தருகிறோம், நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றுதான், மாற்ற இயலாது. எனக்கு இந்தப் பதில் கடிதத்தைவிட அதிகமாகச் சொன்னது. மூன்று ஆண்டுக்கு 12,000 டாலரை ஒரே மின்னஞ்சலில் கூட்டித் தருகிறவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் விட மறுத்தார்கள். அவர்களுடைய கணக்கில் அந்த வரியின் மதிப்பு 12,000ஐவிட அதிகம்.

இரண்டாவது, சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்ற விசாரணை. முடியும், ஆனால் அந்த ஓராண்டில் வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கூடாது, உதவித்தொகை அப்படியே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அந்தக் கதவு அங்கேயே மூடியது. முதலாண்டு முடித்து வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாமே என்று அவள் தோழி சொன்ன யோசனையும் நிற்கவில்லை. மாறுவதற்கும் அதே கர்வில் மேலே இருக்க வேண்டும். மாறி வருகிறவர்களுக்குப் பல கல்லூரிகள் உதவித்தொகையும் கொடுப்பதில்லை.

மூன்றாவதுதான் முடிவைத் தீர்மானித்தது. மீண்டும் விண்ணப்பித்தால் எது மாறும்? இந்தக் கேள்வியைத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள். ஜிபிஏ மாறாது, முதல் பட்டத்தோடு அது உறைந்துவிட்டது. முதுகலை படித்தாலும் அந்த எண்ணில் சேராது. கட்டுரையை மெருகேற்றலாம், அதற்காக மட்டும் ஓராண்டு காத்திருப்பது வீண். விண்ணப்பிக்கும் நேரம் மாறும், அது உறுதி. மாறக்கூடிய பெரிய எண் எல்சாட் ஒன்றுதான். மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. பயிற்சித் தேர்வுகளில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: எந்த விடையைத் தேர்ந்தாள், ஏன் தேர்ந்தாள், எது அவளை ஏமாற்றியது. நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. புதிர்கள் போனபின் எஞ்சிய தர்க்கப் பகுதியில் தவறுகள் சிதறிக் கிடந்தன. வாசிப்புப் பகுதியில் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே நான்காவது பத்தியில். 35 நிமிடத்தில் நான்கு பத்திகள். முதல் இரண்டில் நேரத்தைத் தின்றுவிட்டுக் கடைசிப் பத்தியின் கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருந்தாள். ஜனவரியிலும் அதுதான் நடந்தது. அது திருத்தக்கூடிய குறை. கேள்வியே புரியவில்லை என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை, அவள் அதுவரை தொடாத ஒரு பயிற்சித் தேர்வை ஊர் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினாள். எதிர் நாற்காலியில் கைக்கடிகாரத்தோடு நான். இடையில் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. 167. அதற்கு முந்தைய ஐந்து பயிற்சிகளும் 165க்கும் 168க்கும் இடையில். நடப்பு மதிப்பெண்கள் செல்லுபடியாகும் காலத்துக்குள் ஐந்து முறை எழுதலாம். அவள் இரண்டுதான் எழுதியிருந்தாள். கல்லூரிகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதும் அறிக்கையில் சேர்ப்பதும் உயர்ந்த மதிப்பெண்ணை. அத்தானின் கேள்விக்கு இப்போது ஒரு பதில் இருந்தது. பலாக்காய் மரத்தில் இருக்கிறது, எட்டும் உயரத்தில் இருக்கிறது, ஏணி எங்கே ஆடுகிறது என்றும் தெரியும்.

ஜூன் 13 அன்று இடத்தை மறுத்துக் கடிதம் அனுப்பினாள். அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை.

ஜூலை 4

நான் குறைத்து மதிப்பிட்ட ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். கூட்டாட்சிக் கல்விக் கடன் விதிகளை மாற்றும் மசோதா மே 22 அன்றே பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியிருந்தது. செனட்டில் அடிபடும், நாள் எடுக்கும் என்று அவளிடம் சொன்னேன். ஜூலை 4 அன்று அது கையெழுத்தாகிச் சட்டமானது. அதுவரை சட்ட மாணவர்கள் கிராட் பிளஸ் என்ற கடனையும் சேர்த்து முழுச் செலவையும் கூட்டாட்சி அரசிடமிருந்தே பெறலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் சேர்ந்து கடன் வாங்கியிருந்தால் பழைய விதி அவளுக்கு மூன்று ஆண்டுகள் வரை தொடர்ந்திருக்கும். காத்திருந்ததால் அந்த வாய்ப்புப் போனது.

அத்தான் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கனத்தது. இரண்டு நாள் கழித்து அவளே அழைத்தாள். "மாமா, பழைய விதி இருந்திருந்தால் உதவித்தொகை போனபின் 80,000 கடன் வாங்க என்னை விட்டிருக்கும். அதுதானே உங்களுக்கு நடந்தது?" என்றாள். உண்மைதான். ஆனாலும் சபையில் ஒரு மசோதா நகர்ந்துகொண்டிருக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காமல் ஆலோசனை சொல்லக் கூடாது என்பதை அந்த வாரம் கற்றேன். அவள் இலக்குப் பட்டியலை மாற்றினாள். இனி ஆண்டுச் செலவு 50,000க்குள் அடங்க வேண்டும், மீறினால் தனியார் வங்கிக் கடன். பொதுச் சேவையில் பத்தாண்டுகள் தவணை கட்டியபின் கிடைக்கும் கடன் தள்ளுபடி அதற்குக் கிடையாது.

பிறகு நடந்தது

ஆகஸ்டில் 164. ஏறியிருந்தது, போதவில்லை. அக்டோபரில் 168. நவம்பர் முதல் வாரத்தில் பதினொரு விண்ணப்பங்கள் போயின. முன்பு விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு, இந்த ஓராண்டில் என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தாள். வேலையில் சேர்ந்த புதிதில் ஆவணம் அடுக்கியவள், இப்போது வாடிக்கையாளர்களின் வாக்குமூல வரைவை எழுதுகிறாள் என்பது அந்தப் பக்கத்தில் வந்தது. கல்லூரி முடித்த கையோடு எழுதிய முதல் கட்டுரையைவிட அது எவ்வளவோ மேல்.

புகழ்பெற்ற ஒரு கல்லூரி இடம் கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 1,12,000. அதில் 62,000ஐத் தனியார் கடனாக, அத்தானின் கையெழுத்தோடு வாங்க வேண்டும். ஒரு வாரம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தாள். அதை மறுத்தது அவள் எடுத்த முடிவுகளில் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன். நான் எதுவும் சொல்லவில்லை.

வேலைவாய்ப்பில் பழைய கல்லூரியைவிட நல்ல பெயருள்ள இன்னொரு கல்லூரி 42,000 கொடுத்தது. கட்டணம் 60,000, வாழ்க்கைச் செலவு 25,000. ஆண்டுக்கு 43,000, புதிய வரம்புக்குள் அடங்குகிறது. மூன்று ஆண்டுக்கு 1,29,000.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கல்லூரி கூட்டித் தந்த 40,000ஐ அவள் கடைசிவரை தக்கவைத்திருந்தால் மொத்தச் செலவு 1,20,000. புதியதைவிட 9,000 மலிவு. இழந்திருந்தால் 2,00,000. மூன்றில் ஒருவர் இழக்கிறார் என்று வைத்துச் சராசரி பார்த்தால் 1,46,000ஐத் தாண்டும். ஓராண்டு காத்திருப்பு அவளுக்குப் பெரிய தொகையைக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் அது தவறு. தொகை ஏறக்குறைய அதேதான்.

புதிய கடிதம் 2026 மார்ச்சில் வந்தது. அன்று மாலை நான் போவதற்குள் அத்தான் மேசையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டியிருந்தார். முதல் பக்கத்தில் இருந்த தொகையை அவர் பார்க்கவில்லை. நேராக இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார்: மாணவர் நல்ல நிலையில் படிப்பைத் தொடரும்வரை உதவித்தொகை தொடரும். "இவ்வளவுதானே மாப்பிள்ளை? வேறு எதுவும் இல்லையே?" என்று கேட்டார். மூன்றாம் பக்கத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.